சொல் வேண்டும்: சிறுநீரகம் ஊறுபட்டதும் தோன்றும் புரதம்

செவிலியர் பயிற்சி ஆசிரியை, தஞ்சாவூர்:
அனைவருக்கும் வணக்கம். என் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் சிறுநீர் குறைந்து நின்றுபோவதை எங்கள் மாணவியர் வார்டிலேயே பார்க்கிறார்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் உயர்ந்து காட்ட ஒன்றிரண்டு நாள் ஆகிவிடுகிறது. அதற்கு முன்பே சிறுநீரில் கூடும் இரண்டு புரதங்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று கிம்-1 (KIM-1, ஆங்கிலத்தில் Kidney Injury Molecule-1), இரத்த ஓட்டம் தடைப்பட்ட எலியின் சிறுநீரகத்தில் 1998இல் ஜோசப் பொன்வெந்தர் குழுவினர் கண்டறிந்தது. மற்றது என்கால் (NGAL) எனப்படும் லிப்போகேலின். முன்னதற்குச் ‘சிறுநீரகக் காய மூலக்கூறு-1’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை:
‘காயம்’ வேண்டாம் அம்மா. சித்தர் பாடல்களில் அது உடம்பு, கடையில் பெருங்காயம், புண் என்ற பொருளோ பிராகிருத வழியில் வந்தது. நமக்கு ‘ஊறு’ இருக்கிறது. ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்ற குறளில் அது இடையூறு, கேடு. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்ற குறளில் அதுவே தொடுவுணர்வு. வந்து உறுவது ஊறு. நல்லதாகவும் உறும், தீயதாகவும் உறும். ‘சிறுநீரக ஊற்றுப் புரதம்’ என்று சொல்லக் கூடாது, ஊற்று வேறாகிவிடும். ‘ஊறுபுரதம்’ என்று வினைத்தொகைபோல் நிற்கட்டும்.

ஆசிரியை:
ஐயா, வினைத்தொகை என்றால் ஊறுகின்ற புரதம் என்றுதானே பொருள்படும்? என் மாணவியருக்கு ஊறுகாய் நினைவுக்கு வரும். தேர்வில் பொருளை மாற்றி எழுதிவிடுவார்கள்.

தமிழாசிரியர்:
வரட்டுமே! அந்தப் புரதத்தின் வெளிப்பகுதி அறுபட்டுச் சிறுநீரில் கசிகிறது என்று படித்தேன். ஊறு நேர்ந்ததும் ஊறி வருவது. ஒரே சொல்லில் இரண்டும் அடங்குவது நம் மொழியின் கொடை.

சிறுநீரக மருத்துவர், மதுரை:
என் வருத்தம் வேறு. ‘காயம்’ என்றாலும் ‘ஊறு’ என்றாலும் பாதி உண்மைதான் கிடைக்கிறது. நலமான சிறுநீரகத்தில் இந்தப் புரதம் ஏறக்குறைய இல்லை. சிறுநீர் வடிகட்டப்பட்டதும் முதலில் பாயும் குழலான அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் மடியும்போது, பிழைத்த செல்கள் இதைத் தம் மேற்பரப்பில் ஏந்துகின்றன. மடிந்த செல்லின் வெளிப்புறத்தில் தோன்றும் ஒரு கொழுப்புக் குறியை இது பற்றிக்கொள்ள, பிழைத்த செல் அந்தச் சடலத்தை விழுங்கிக் குழலைத் துப்புரவாக்குகிறது. அதன் பிறகுதான் எஞ்சிய செல்கள் பரவிப் பெருகி வெற்றிடத்தை நிரப்புகின்றன. புண்ணாக்குவது அது அன்று, புண்ணை ஆற்ற வருவது. ‘துப்புரவுப் புரதம்’ என்றே சொல்லலாமே?

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:
டாக்டர் ஐயா, செயலை வைத்துப் பெயரிட்டால் எந்தச் செயலை வைப்பது? இதே புரதத்தை அதற்கு முன்பே குரங்குச் சிறுநீரகச் செல்களில் ஹெபடைட்டிஸ் ஏ வைரசின் ஏற்பி, அதாவது வைரஸ் செல்லைப் பற்றிக்கொள்ளும் இடம், என்று கண்டிருந்தார்கள். நாளை இன்னொரு வேலை தெரியவரும். எங்கள் நாட்டில் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. அப்படிப்பட்ட நோயாளர் கையில் கொடுக்கும் துண்டறிக்கையில் ‘ஊறு’ என்று எழுத எனக்கு மனம் வராது. காயம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். எங்கிருந்து வந்தாலும் அது இன்று நம் சொல்.

தமிழாசிரியர்:
விளங்குவது பழக்கத்தால். ‘மூலக்கூறு’ என்பதையும் பிறகுதானே பழகினோம்? போகட்டும், லிப்போகேலினையாவது எனக்குத் தாருங்கள். அதன் பின்பாதி கிரேக்கத்தில் கிண்ணம். நம்மிடம் கலம், கலயம், கலசம். ‘கலஞ்செய் கோவே’ என்று புறநானூறு குயவரை விளிக்கிறது. மட்பாண்டம் முதல் மரக்கலம் வரை ஏந்துவதெல்லாம் கலம். கிரேக்கச் சொல்லுக்கும் இதற்கும் உறவுண்டு என்றே நம்புகிறேன். ‘கொழுப்புக்கலப் புரதம்’.

மருத்துவர்:
ஐயா, என்கால் ஏந்துவது கொழுப்பை அன்று. பாக்டீரியா இரும்பைக் கவர அனுப்பும் சிறு மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துப் பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறது. ‘கலம்’ மட்டும் இருக்கட்டும், கொழுப்பை விட்டுவிடுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். கிம்-1 நெடுநாள் அடங்காமல் சுரந்தால் எலிகளில் நார்த்திசு படிந்து சிறுநீரகம் இறுகுகிறது. அந்த நிலைக்கு என்ன எழுதுவது? இழைமமாதல் என்கிறார்கள்; என் நோயாளிகள் யாருக்கும் புரிந்ததில்லை.

தமிழாசிரியர்:
வடு. ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’. ஆறாமல் நிற்பது வடு. வடுவாதல் என்று எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
இதற்கு மறுப்பே இல்லை. நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆசிரியை:
வியாழன் இரவாகிவிட்டது. ‘சிறுநீரகக் காயப் புரதம்-1’ என்று வைத்து, அடுத்த வரியிலேயே இது காயத்தை ஆற்ற வரும் புரதம் என்று எழுதிவிட்டேன். லிப்போகேலின் அப்படியே நிற்கிறது. ‘வடுவாதல்’ சேர்ந்துவிட்டது. நால்வரில் மூவர் ‘காயம்’ பக்கம் என்றே கொள்கிறேன்.

மருத்துவர்:
அந்த அடுத்த வரி இருப்பதால் மட்டுமே என் ஒப்புதல்.

தமிழாசிரியர்:
என் ஒப்புதல் இல்லை. அடிக்குறிப்பில் ‘ஊறு’ என்று ஒரு சொல் இடம்பெறட்டும் அம்மா, இடமிருந்தால்.