கேரவனின் எலக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டரைக் கேபிளுக்கு மாற்றலாமா? தரைக்கு அடியில் ஒயரைத் தேடுவது எப்படி?

செங்கோட்டை_சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்கெனவே கேரவனாக மாற்றப்பட்டிருந்த ஒரு டீசல் மினி பஸ்ஸை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். காமன் ரயில் எஞ்சின் (டீசல் தெளிப்பைக் கணினியே கட்டுப்படுத்தும் வகை) என்பதால் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது, ஒயர் மட்டும்தான். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதிலிருந்து, புளியரை எஸ் வளைவில் ஏறும்போது திடீரென்று எஞ்சின் விளக்கு எரிகிறது. அதன் பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி 1200 ஆர்.பி.எம்.மைத் தாண்டுவதில்லை. போன வாரம் பின்னால் சரக்கு லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்க, முதல் கியரில் ஊர்ந்தே ஆரியங்காவு போய்ச் சேர்ந்தேன்.

ஸ்கேனரில் பி2138 என்ற குறியீடு வருகிறது. ஒரு பட்டறையில் பெடலையே புதிதாக மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம். இன்னொரு மெக்கானிக், "இந்தச் சென்சார் தொல்லையே வேண்டாம், கேபிள் போட்டுவிடலாம்" என்கிறார். இது நடக்கக்கூடியதா? நடக்காது என்றால், ஒயர்கள் பிளைவுட் தரைக்கும் கட்டில் பெட்டிக்கும் அடியில் எங்கே போகின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழுது வந்த ஒரு காலையில், வண்டியை நிறுத்திச் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடல் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். முதல் சிக்னல் 0.75 வோல்ட்டிலிருந்து 3.9 வரை போகிறது. இரண்டாவது 0.36இலிருந்து 1.83 வரை போகிறது. சப்ளை ஒன்றில் 5.0, மற்றதில் 4.7. சற்றுத்தானே குறைவு என்று அதை விட்டுவிட்டேன்.

புனலூர்_எலக்ட்ரீஷியன் எழுதியது:

அண்ணாச்சி, கேபிள் யோசனையை முதலில் கைவிட்டுவிடுங்கள். பழைய எஞ்சின்களில் டீசல் பம்பிலேயே ஒரு லிவர் இருக்கும். கேபிள் அதை இழுத்தால் டீசல் கூடும். காமன் ரயில் பம்பில் அப்படி இழுப்பதற்கு ஒன்றும் கிடையாது. எவ்வளவு டீசலை எப்போது தெளிப்பது என்பதை இ.சி.யு. என்ற எஞ்சின் கணினி முடிவு செய்கிறது, அதற்கு வேண்டியது மின்னழுத்தச் சிக்னல். கேபிள் போட்டாலும் அதன் மறுமுனையில் ஒரு சென்சாரைத்தான் மாட்ட வேண்டியிருக்கும், அதாவது தொல்லை காலடியிலிருந்து பானெட்டுக்கு அடியில் குடிபோகும், அவ்வளவுதான். எஞ்சினையே பழைய வகைக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள்; பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுக்கிறது.

நீங்கள் விட்டுவிட்ட அந்த 4.7தான் விஷயமே. பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட், சிக்னல், எர்த் என மும்மூன்று ஒயர்கள். உங்கள் வண்டியைப் போலப் பல வண்டிகளில் இரண்டாவது சிக்னல் முதலாவதில் சரிபாதியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு தவறினால் இ.சி.யு. எதையும் நம்பாமல் எஞ்சினை லிம்ப் மோடில், அதாவது சக்தியைக் குறைத்து ஓடும் நிலையில் போட்டுவிடும். பி2138 சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவது சென்சாரின் எர்த் ஒயரில் எங்கோ ஒரு இணைப்பு கெட்டு, 0.3 வோல்ட் அங்கேயே தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெடலில் அதன் சொந்த எர்த்தை வைத்து அளக்கும்போது அந்த எர்த்தும் சேர்ந்து உயர்ந்திருப்பதால் 0.36 என்று ஒழுங்காகவே காட்டும். ஆனால் இ.சி.யு. தன் பக்கத்து எர்த்தை வைத்துப் பார்ப்பதால் அதற்கு 0.66 தெரியும். பெடலை மாற்றியும் பயனில்லாமல் போனது இதனால்தான். இ.சி.யு. கனெக்டரின் சென்சார் எர்த் பின்னில் மீட்டரின் ஒரு முனையையும், பெடலின் எர்த் பின்னில் மறுமுனையையும் வைத்து, சாவி ஆனில் அளந்து பாருங்கள். 0.05க்கு மேல் காட்டினாலே அந்த ஒயரைச் சந்தேகப்படலாம். கனெக்டரின் பின்பக்கமாக ஊசிமுனையை நுழைத்து அளக்கவும். ஒயர் தோலைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியாகவே அடுத்த சாரலில் தண்ணீர் இறங்கும்.

வண்டிப்பெரியாறு_பயணி எழுதியது:

புனலூர் நண்பர் சொல்வது சரி. நான் ஒரு பழைய பள்ளி வாகனத்தைக் கேரவனாக்கி வாகமண் பக்கம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் வண்டியில் இதே போன்ற பழுதுக்குக் காரணம் தச்சர் இறக்கிய ஒரு ஸ்க்ரூ. கட்டில் பெட்டியைத் தரையோடு பிடிக்கும்போது, அடியில் ஓடிய ஒயர்க் கற்றையில் ஒரு ஒயரைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. கேரவனில் எஞ்சின்காரர் வேலை செய்த இடத்தைவிடத் தச்சரும் தண்ணீர்த் தொட்டி மாட்டியவரும் வேலை செய்த இடத்தில் தேடுவதே நல்லது.

தேடும் முன் பேட்டரியைக் கழற்றி, இ.சி.யு., பெடல் இரண்டின் கனெக்டர்களையும் பிரித்துவிடுங்கள். அதன் பிறகு ஒரு டோன் கருவியை (ஒயருக்குள் ஒலிச் சிக்னல் அனுப்பும் கருவி) அந்த எர்த் ஒயரில் கொடுத்து, அதோடு வரும் ஒலி காட்டும் கருவியால் தரைமேல் தடவிக்கொண்டே போனால் ஒயர் போகும் பாதை சத்தமாகவே தெரியும். கனெக்டரைப் பிரிக்காமல் அதைச் செய்யக் கூடாது. ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், கனெக்டரின் பின் எண்ணைப் பார்த்தே போக வேண்டும், ஏனெனில் இடையில் யாராவது கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் இந்த ஒயர்களுக்கு ஆகவே ஆகாது, அது இழுக்கும் கரண்ட் இ.சி.யு.வையே கெடுத்துவிடும்.

ஓம்ஸ் அளவையும் முழுதாக நம்ப முடியாது. பத்து இழையில் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 'சரி' என்றே சொல்லும். வண்டி குலுங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். எனவே சாவி ஆனில் ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் ஒயர்க் கட்டைச் சாண் சாணாக அசைத்துப் பார்ப்பதே எனக்குக் கைகொடுத்தது.

குமுளி_ஓட்டுநர் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் கேபிள் வண்டியின் அருமை ஒன்று உண்டு. லோயர் கேம்ப் ஏற்றத்தில் ஒருமுறை என் பழைய வண்டியின் கேபிள் அறுந்தபோது, ஒரு கட்டுக்கம்பியை வைத்து அரை மணி நேரத்தில் குமுளி சேர்ந்துவிட்டேன். இந்தக் காலத்து வண்டியில் கட்டுக்கம்பியை எங்கே கட்டுவது?

செங்கோட்டை_சாரல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கண்டுபிடித்துவிட்டேன். எர்த்துக்கு எர்த் அளந்தபோது மீட்டர் 0.31 காட்டியது, தம்பி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒயர்க் கட்டை அசைத்தவுடன் அது 0.02க்கு இறங்கி மீண்டும் ஏறியது. அந்த இடத்தில் பிளைவுட்டை வெட்டிப் பார்த்தால், முந்தைய உரிமையாளர் இருக்கையைத் திருப்பி வைக்கும் வசதிக்காகப் பெடல் ஒயர்களை இரண்டு அடி நீட்டியிருக்கிறார். ஆறு ஒயர்களிலும் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள். டேப்பின் பசை உருகிக் கையில் ஒட்ட, உள்ளே அந்த எர்த் ஒயரின் செம்பு துருசு போலப் பச்சை பூத்து, இழுத்ததும் உதிர்ந்துவிட்டது.

ஆறையும் வெட்டி, நல்ல செம்பு வரும்வரை தோலைச் சீவி, ஒட்டுகள் ஒரே இடத்தில் வராதபடி முன்பின்னாக வைத்துக் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நசுக்கி இணைத்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கினோம். இப்போது சப்ளை இரண்டிலும் 5.0, இ.சி.யு. பக்கத்தில் சிக்னல்கள் 0.76, 0.38. கொட்டும் சாரலில் நேற்று மூன்று முறை எஸ் வளைவில் ஏறி இறங்கினேன், விளக்கு எரியவில்லை. வெட்டிய பிளைவுட்டை ஒட்டவில்லை. இரண்டு கீல் வைத்துக் கதவாக்கிவிட்டேன்.

குமுளி அண்ணாச்சிக்கு: கட்டுக்கம்பி கட்ட இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மல்டிமீட்டரை டேஷ்போர்டில் போட்டுவைத்திருக்கிறேன்.