புதிய லீகில் முதல் ஆண்டிலேயே கோப்பை: அரிசோனா ராட்லர்ஸின் 2017 சீசனை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி

கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் உள்ளரங்க வடிவத்தை அண்மைக்காலமாகத்தான் கவனித்து வருகிறேன். 1992 முதல் அரீனா ஃபுட்பால் லீகில் ஆடி, ஐந்து முறை கோப்பை வென்ற அரிசோனா ராட்லர்ஸ், 2016 சீசன் முடிந்ததும் அதைவிட்டு விலகி இண்டோர் ஃபுட்பால் லீகில் சேர்ந்தது. அங்கே முதல் சீசனிலேயே, தொடர்ந்து ஆறு ஆண்டுகள் கோப்பையைத் தன் வசம் வைத்திருந்த சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் அணியை, அதன் சொந்த அரங்கிலேயே 50–41 என்ற கணக்கில் இறுதிப் போட்டியில் வீழ்த்தியது. பெரிய லீகிலிருந்து சிறிய லீகுக்கு வந்த அணிக்கு இது எளிதாகக் கிடைத்த வெற்றிதானா, அல்லது அந்த அணி உண்மையிலேயே தன்னை மாற்றிக்கொண்டு வென்றதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

எளிதாகக் கிடைத்த வெற்றி என்பதே என் கருத்து. 2016இல் எட்டு அணிகளுடன் நடந்த அரீனா லீக், அடுத்த ஆண்டு ஐந்து அணிகளாகச் சுருங்கிவிட்டது. அங்கிருந்து வெளியேறிய இன்னோர் அணியான ஜாக்சன்வில் ஷார்க்ஸ், அப்போதுதான் தொடங்கிய நேஷனல் அரீனா லீகில் சேர்ந்து, அதே 2017இல் கோப்பையையும் வென்றது. விலகிய இரண்டு அணிகளும் போன இடத்தில் முதல் ஆண்டே வென்றிருக்கும்போது, அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2

முந்தைய பதிலோடு நான் உடன்படவில்லை. இரண்டு லீகுகளிலும் ஓர் அணிக்கு எட்டுப் பேர், ஐம்பது கஜ மைதானம், ஓரங்களில் மெத்தை பொதிந்த சுவர் என்பதால் ஒரே ஆட்டம்போலத் தோன்றும். ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் வேறுபாடு புரியும். அரீனா லீகில் கோல் கம்பங்களின் இருபுறமும் பெரிய வலைகள் தொங்கின. கம்பங்களுக்கு இடையே செல்லாமல் குறி தவறிய உதை வலையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது. கம்பத்தின் அடியில் காத்திருக்கும் வீரர், எந்தக் கோணத்தில் பந்து துள்ளும் என்பதைக் கணித்து, அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓட முடிந்தது. பல ஆண்டுகள் பழகினால்தான் கைகூடும் கலை அது. இண்டோர் லீகில் அந்த வலையே கிடையாது; ஆகவே அந்தப் பழக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

இதைவிட முக்கியமானது தாக்குதல் முறை. அரீனா லீகில் லைன்பேக்கர்கள் எனப்படும் தற்காப்பு வீரர்களின் நடமாட்டத்துக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்ததால், ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் பந்தை எறிவதிலேயே கழியும். பந்தை ஏந்தி ஓட வேண்டிய ரன்னிங் பேக்குக்கு அங்கே பெரும்பாலும் தடுப்பாளர் வேலைதான். புதிய லீகிலோ பந்தை ஏந்தி ஓடுவதும் அன்றாட ஆயுதம். போதாக்குறைக்கு, 2016 இறுதிப் போட்டிவரை அணியை வழிநடத்திய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) நிக் டவிலா புதிய லீகுக்கு வரவில்லை. பயிற்சியாளர் கெவின் கை மட்டும் தொடர்ந்தார். பல ஆண்டுகளாக எறிவதை நம்பியே வளர்ந்த ஓர் அணி, குவார்ட்டர்பேக்கும் மாறிய நிலையில், ஓட்டத்தை நம்பும் லீகில் அதே ஆண்டு வெல்வதை எளிது என்று எப்படிச் சொல்ல முடியும்?

(அதே 2017இல் அந்த லீகில் அறிமுகமான சால்ட் லேக் ஸ்க்ரீமிங் ஈகிள்ஸ் அணியில், அடுத்து எந்த உத்தியை ஆடுவது என்பதை ரசிகர்களே கைபேசிச் செயலியில் வாக்களித்து முடிவு செய்தார்கள். அந்த லீகைச் சிலர் குறைத்து மதிப்பிட இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

பதில் 3

அந்த ஒரு சீசனை மட்டும் வைத்துக்கொண்டு லீகின் தரத்தைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் கோப்பை ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்குப் போனது. 2019இல் ராட்லர்ஸ் வழக்கமான சீசனின் பதினான்கு ஆட்டங்களிலும் வென்று, இறுதிப் போட்டியையும் ஃபீனிக்ஸில் தன் சொந்த அரங்கிலேயே ஆடியது. அங்கே 56–53 என்ற கணக்கில், மூன்றே புள்ளிகளில் தோற்கடித்தது அதே சூ ஃபால்ஸ் அணிதான். ராட்லர்ஸுக்கு ஈடுகொடுக்க ஆளில்லாத லீகாக அது இருந்திருந்தால், இந்தத் தோல்வி நேர்ந்திருக்காது.

பதில் 1 எழுதியவர்

2019 பற்றிய வாதம் வலுவானது. ராட்லர்ஸைப் பொறுத்தவரை ‘எளிது’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஜாக்சன்வில் சேர்ந்தது அப்போதுதான் பிறந்த ஒரு லீக். அந்தக் கோப்பையையும் இதையும் ஒரே தட்டில் வைக்க நான் இன்னும் தயாராக இல்லை.