கீரைப் பாத்தியும் தெருப் பூனைகளும்

மூலை வீட்டு அக்கா (ஞாயிறு, காலை 6:42)
அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை கீரை விதைத்து, கையாலேயே தடவிச் சமன்செய்து வைத்த பாத்தியை இன்று காலையில் பார்த்தால், நான்கு இடங்களில் குழி பறித்து, மூன்றை அரைகுறையாக மூடி, ஒன்றைத் திறந்தபடியே விட்டுப் போயிருக்கின்றன பூனைகள். இந்த மாதத்தில் இது மூன்றாம் முறை. யார் வீட்டுப் பூனை என்று விசாரிப்பதற்காக எழுதவில்லை. வராமல் தடுக்க வழி தெரிந்தவர்கள் சொன்னால் போதும்.

மாடி வீட்டுத் தம்பி (6:50)
பாத்தியைச் சுற்றி அந்துருண்டை போட்டு, ஓரத்தில் ஃபினாயில் தெளித்துவிடுங்கள், அக்கா. அந்த வாடைக்குப் பூனை எட்டிக்கூடப் பார்க்காது.

பூனை வளர்க்கும் அம்மா (6:58)
தம்பி, தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் பூனைக்கு நஞ்சு. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் அதற்கும் ஆபத்து. ஃபீனால் கலந்த கிருமிநாசினியை நம் கல்லீரல் கழிப்பதுபோல் பூனையின் கல்லீரலால் கழிக்க முடியாது. தெளித்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். மிளகாய்த் தூளும் அப்படித்தான்: பாதத்தில் ஒட்டிக்கொண்டு, முகம் துடைக்கும்போது கண்ணுக்குள் இறங்கும். அக்கா, அந்த நான்கு குழிகளில் என் வீட்டுப் பூனைக்கும் பங்கு இருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு ஐயா (7:20)
ஆரஞ்சுத் தோல் முதல் வேப்பம் புண்ணாக்கு வரை எல்லா வாடையையும் நான் போட்டுப் பார்த்தவன். பூவாளியால் இரண்டு முறை தண்ணீர் விட்டால் வாடையும் போய்விடும், பூனையும் திரும்பிவிடும். அது உங்கள் கீரையைத் தேடி வரவில்லை, அம்மா; நகத்துக்கு எளிதில் இடம் கொடுக்கிற, காய்ந்த, பொலபொலவென்ற மண்ணைத் தேடி வருகிறது. விதைப்பதற்காக நாம் கொத்திக் கிளறிப் பக்குவப்படுத்தி வைக்கும் பாத்தி, அதன் கண்ணுக்கு யாரோ தனக்கென்றே கட்டிக்கொடுத்த கழிப்பிடம். ஆகவே பூனையோடு மல்லுக்கு நிற்காமல் மண்ணின் மேற்பரப்பை மாற்றுங்கள். கோழி வலையைப் பாத்தியின் அளவுக்கு வெட்டி, மண்ணின் மேல் படுக்கையாக விரித்து, வெட்டிய கம்பி முனைகள் யார் காலையும் கிழிக்காதபடி விளிம்புகளைக் கீழ்நோக்கி மடக்கிப் புதைத்துவிடுங்கள். கீரை கண்ணிகளின் வழியே முளைத்து வரும். பூனையால் தோண்ட முடியாது. தண்டு பருக்கும் செடிகளாக இருந்தால் மட்டும், நெரிபடுவதற்கு முன் வலையை நறுக்கி எடுத்துவிட வேண்டும். மேல்மண்ணை ஈரமாக வைத்திருப்பதும் உதவும், ஏனென்றால் ஈர மண் பாதத்தில் ஒட்டுவது அதற்குப் பிடிக்காது.

மாடி வீட்டுத் தம்பி (7:31)
மீயொலி எழுப்பும் கருவி ஒன்று விற்கிறார்களே, ஐயா? மனிதர்களுக்குக் கேட்காதாம், பூனை ஓடிவிடுமாம்.

எதிர்வீட்டு ஐயா (7:40)
நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனையின் காது 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். கருவியின் அடிப்படை அதுதான். சில பூனைகள் விலகும், சில பழகிவிடும். அசைவை உணர்ந்து தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான் அதைவிட மேல் என்பது என் எண்ணம். ஆனால் காலையில் செய்தித்தாள் எடுக்கப் போகிறவரையும் அது நனைத்துவிடும்.

பூனை வளர்க்கும் அம்மா (7:44)
என் வெள்ளைப் பூனையிடம் அந்தக் கருவி செல்லாது, தம்பி. அது பிறவியிலேயே செவிடு. நீலக் கண் உள்ள வெள்ளைப் பூனைகள் பலவற்றுக்கு இப்படி இருக்கும்.

மாடி வீட்டுத் தம்பி (7:45)
அப்படியானால் பூனைக்கு மணி கட்டிவிடலாமே?

பூனை வளர்க்கும் அம்மா (7:47)
கட்டித்தான் இருக்கிறேன். குருவிகள் உஷாராகின்றன. குழி தோண்டுவது நிற்கவில்லை. தன் கழுத்து மணியே அதற்குக் கேட்பதில்லை.

மூலை வீட்டு அக்கா (8:05)
வலையை இன்றே விரிக்கிறேன், ஐயா. இன்னொரு கவலையும் இருக்கிறது. கருவுற்றிருக்கும் என் மகள் பொழுது போகாமல் தோட்டத்தில் கை வைக்கிறாள். பூனைக் கழிவில் ஏதோ கிருமி உண்டென்கிறார்களே?

பூனை வளர்க்கும் அம்மா (8:15)
உண்மைதான். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. எல்லாப் பூனையிடமும் எப்போதும் இருக்காது. முதல் முறை தொற்றிய பூனைதான் சில வாரங்கள் அதைக் கழிவில் வெளியேற்றும். ஆனால் மண்ணில் விழுந்தது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெளியேறிய பின் தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும் என்பதால், கழிவை அன்றன்றே கையுறை போட்டு அள்ளிவிடுங்கள். மகளை அந்தப் பாத்திப் பக்கம் விட வேண்டாம். பறித்த கீரையையும் நன்றாக அலசுங்கள். ஐயமிருந்தால் அவளுடைய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூலை வீட்டு அக்கா (வியாழன், காலை 6:35)
நான்கு நாட்களாகப் பாத்தியில் ஒரு குழியும் இல்லை. நேற்று சாம்பல் நிறப் பூனை ஒன்று வலையில் முன்னங்காலை வைத்து, சடாரென்று எடுத்து உதறிவிட்டுப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆனால் இப்போது இரண்டு பூனைகள் கேட்டுக்குப் பக்கத்தில் களைக் குவியலின் மேல் விழுந்து புரண்டுகொண்டிருக்கின்றன, விரட்டினாலும் போகவில்லை.

எதிர்வீட்டு ஐயா (6:41)
பிடுங்கிய களையில் குப்பைமேனி இருந்ததா?

மூலை வீட்டு அக்கா (6:44)
பெரும்பாலும் அதுதான், ஐயா. வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஐயா (6:52)
அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை, அம்மா. பிடுங்கிய வேரின் வாடைக்குப் பூனை சொக்கிப் போகும். விருந்துக்கு நீங்களே அழைத்துவிட்டு விரட்டினால் எப்படி? குவியலை மூடியுள்ள தொட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

பூனை வளர்க்கும் அம்மா (7:10)
என் கொல்லையில் வெயில் படாத மூலையில் மணல் கொட்டி வைத்திருக்கிறேன். செவிடன் இரண்டு நாளாக அங்கேதான் போகிறான். சாம்பல் பூனைக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்றால், அடுத்த வாரம் கருத்தடைக்கு நானே கொண்டுபோகிறேன். பிடிப்பதற்குத் தம்பி மட்டும் கூட வர வேண்டும்.

மாடி வீட்டுத் தம்பி (7:12)
வருகிறேன், அம்மா. தடித்த கையுறை இருந்தால் சொல்லுங்கள்.