கையை வேகமாக உதறினாலும் கயிற்றில் அலை வேகமாக ஓடாதது ஏன்?

கேள்வி:
கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் உதறு உதறினால் ஒரு மேடு சுவரை நோக்கி ஓடுகிறது. இன்னும் விரைவாக உதறினால் அந்த மேடும் விரைவாக ஓட வேண்டும் அல்லவா? பாடநூலோ, இழுவிசையை ஒரு மீட்டர் கயிற்றின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் கிடைக்கும் என்கிறது. அதில் கைக்கு இடமே இல்லையே!

மறுமொழி 1:
இங்கே இரண்டு வேகங்கள் இருக்கின்றன: மேடு சுவரை நோக்கி ஓடும் வேகம் ஒன்று, கயிறு மேலும் கீழும் அசையும் வேகம் மற்றொன்று. கயிற்றின் ஒரு புள்ளியில் மையிட்டுக் கவனியுங்கள்; மேடு கடந்து செல்லும்போது அந்தப் புள்ளி மேலே எழுந்து பழைய இடத்துக்கே இறங்குமே தவிர, சுவரை நோக்கிப் போகாது. உங்கள் கை தீர்மானிப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். மீட்டருக்கு 100 கிராம் நிறையுள்ள கயிற்றை 40 நியூட்டன் விசையால் இழுத்துப் பிடித்தால் அலையின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர். விநாடிக்கு 2 முறை ஆட்டினால் அலைநீளம், அதாவது அடுத்தடுத்த இரு மேடுகளுக்கு இடையிலான தொலைவு, 10 மீட்டர். 4 முறை ஆட்டினால் 5 மீட்டர். வேகம் மாறுவதில்லை.

மறுமொழி 2:
காரணத்தையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால் இந்த ஐயம் தீராது. கயிற்றின் ஒரு சிறு துண்டை அதன் இருபுறமும் உள்ள பகுதிகள் இழுக்கின்றன. துண்டு நேராக இருக்கும்வரை இரு இழுப்புகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், வளைந்திருக்கும்போது அவை ஒரே நேர்கோட்டில் அமையாததால் பக்கவாட்டில் ஒரு விசை மிஞ்சும். அந்த மிச்ச விசைதான் துண்டை முடுக்குகிறது. இழுவிசை கூடினால் முடுக்கம் கூடும், நிறை கூடினால் குறையும்; அலையின் வேகமும் அப்படியே. தொலைவில் உள்ள கை அந்தத் துண்டை நேரடியாக இழுப்பதே இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் தாலம்பேர் 1747-இல் அலைச் சமன்பாட்டை (அலை எப்படி ஓடும் என்பதை விவரிக்கும் சமன்பாட்டை) வருவித்ததும் அதிரும் கம்பியை ஆராய்ந்துதான். ஆனால், உதறல் சிறியதாக இருக்க வேண்டும்; மிகப் பலமாக உதறினால் கயிறு நீண்டு இழுவிசையே மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தெளிவாகிவிட்டது. அப்படியானால், மேலிருந்து சும்மா தொங்கும் கயிற்றில் இழுவிசை இடத்துக்கு இடம் மாறுமே?

மறுமொழி 2:
மாறும், வேகமும் கூடவே மாறும். ஒவ்வோரிடமும் தனக்குக் கீழே தொங்கும் பகுதியின் எடையைத் தாங்குவதால், கீழ்முனையிலிருந்து புறப்பட்ட அலை மேலே போகப்போக விரைவடைகிறது: 2.5 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர், 10 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 10 மீட்டர். இழுவிசையிலும் நிறை இருப்பதால், வகுக்கும்போது அது அடிபட்டுப்போகிறது. கனத்த கயிறானாலும் மெல்லிய கயிறானாலும் இதே எண்கள்தாம்.