புதுப்பிப்பு: வெயில் ஊருக்கு எந்த ஹாப்ஸ்?

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவுக்காக வளர்க்கும் கொடிதான் ஹாப்ஸ். முன்பு போட்ட இழையில் அதில் வெயில் தாங்கும் ரகங்கள் என்று கேஸ்கேட், சினூக், நக்கெட் மூன்றையும் சொல்லியிருந்தேன். அதில் மாற்றமில்லை. ஒரு கொடிக்குத்தான் இடம் என்றால் 1972இல் வெளியான கேஸ்கேடையே வையுங்கள். சாஸ், ஹாலர்டாவ் ரகங்கள் வேண்டவே வேண்டாம், சூட்டில் சுணங்கிவிடும்.

விட்டுப்போனது பகல் நீளம். வெயிலைவிடப் பெரிய சிக்கல் அதுதான். ஹாப்ஸ் நன்றாக விளைவது 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் கோடைப் பகல் குறையும். பகல் குறைவதால் கொடி ஆள் உயரம் வருமுன்னே பூத்துவிடும், கைப்பிடிப் பூகூடத் தேறாது. ஆகவே கொடி 5 மீட்டர் கயிற்றின் உச்சியைத் தொடும்வரை, இருட்டியதும் எல்இடி விளக்கு போட்டு, பகலோடு சேர்த்து 16–17 மணி நேர வெளிச்சம் கொடுங்கள். பிறகு விளக்கை நிறுத்தினால் பூக்கத் தொடங்கும்.

தொட்டி 50 லிட்டருக்குக் குறையவே கூடாது. சின்னத் தொட்டியில் வேர் வெந்துவிடும். மண்மேல் வைக்கோல் மூடாக்கு போடுங்கள்.

வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி (இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உயிரி) வரும். இலை மேலே ஊசியால் குத்தியதுபோல வெளிர்புள்ளிகள், திருப்பினால் மெல்லிய நூலாம்படை. கண்டதும் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். காலையில் அடித்தால் இலை சீக்கிரம் உலரும்.