கம்ப்யூட்டர் வேலையை வெளியே கொடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருப்பூர், பனியன் ஏற்றுமதி

அறுபது மிஷின் ஓடும் சின்ன யூனிட் எங்களுடையது. நூல் வாங்கி, நிட்டிங்குக்கு ஒருவர், சாயத்துக்கு ஒருவர், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஆளாளுக்குக் கொடுத்து வாங்கித்தான் இந்த ஊரே தொழில் செய்கிறது. அதனால் 2019-ல் கம்ப்யூட்டர் வேலையைக் கோவைக் கம்பெனி ஒன்றிடம் விட்டபோது பெரிதாக யோசிக்கவில்லை. சர்வர், மெயில், வெப்சைட், எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு சாப்ட்வேர். எல்லாம் சேர்த்து மாதம் 22,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அதைவிட அதிகம் ஆகும். வேலை பழகியதும் அவரும் பெங்களூருக்குப் போய்விடுவார்.

மூன்று வருடம் நன்றாகவே போனது. வாராவாரம் ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டுப் போவார். அப்புறம் அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் பிரிந்துவிட்டார்கள், தம்பி வருவதும் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மெயிலே வரவில்லை. எங்களிடம் சரக்கு வாங்கும் பையரிடமிருந்து சாம்பிளுக்கு அப்ரூவல் வரவேண்டிய நாள் அது. மதியம்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் டொமைனுக்கு, அதாவது மெயிலும் வெப்சைட்டும் ஓடும் இணையப் பெயருக்கு, யாரும் ரினிவல் கட்டவில்லை. சரி, நாமே கட்டிவிடலாம் என்று பார்த்தால் டொமைன் எங்கள் பெயரிலேயே இல்லை. பதிந்த பெயர் அவர்களுடையது, மெயில் முகவரி அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையது. பத்து வருடமாக விசிட்டிங் கார்டிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சடித்து வந்த பெயர்.

ஜிமெயிலிலிருந்து பையருக்கு எழுதினோம். பதில் இல்லை. புது முகவரியிலிருந்து மெயில் போட்டு, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுக்க நடப்பதால் அவர்கள் பயந்துவிட்டார்கள். கடைசியில் வீடியோ காலில் முகத்தைக் காட்டி, பழைய ஆர்டர் எண்களைச் சொல்லித்தான் நம்ப வைத்தோம். பழைய தம்பி வேறு இடத்தில் வேலையில் இருந்தார். அவர்தான் பங்குதாரர்களில் ஒருவரிடம் பேசி, டொமைனை மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை வாங்கிக் கொடுத்தார். பதினோரு நாள் ஆனது. அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

அந்தப் பதினோரு நாளும் என் மனதை அறுத்தது ஒரே விஷயம். சாயப்பட்டறைக்கு 400 கிலோ துணி போனால் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போடாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. திரும்பி வரும்போது எடை போட்டு, ப்ராசஸ் லாஸ், அதாவது வேலையில் குறைந்த எடை, எத்தனை சதவீதம் என்று மல்லுக்கு நிற்போம். துணி நம்முடையது, கூலிதான் அவர்களுக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலி வேலைக்கு, வெளியே போன துணியும் நூலும் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனிப் பெயரையும் பாஸ்வேர்டுகளையும் ஆர்டர் விவரங்களையும் மட்டும் நான் டிசி போடாமல் அனுப்பியிருக்கிறேன்.

கரூர், பெட்ஷீட், திரைச்சீலை

அண்ணா, உங்களுக்கு மெயில், எங்களுக்குக் கணக்கு எழுதும் டேலி சாப்ட்வேர். எங்கள் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்தே சர்வரை இயக்கும் வசதி) இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்து வைத்திருந்தார். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? கம்பெனிப் பெயரும் 123-ம். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் எந்த ஃபைலும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பேக்கப் டிஸ்க் இருக்கிறதே என்று நிம்மதியாக அதைத் தொட்டால் அதுவும் அப்படியே. சர்வரிலேயே எந்நேரமும் செருகி வைத்திருந்த டிஸ்க், அதனால் சர்வருக்கு வந்தது அதற்கும் வந்துவிட்டது.

பணம் கொடுக்கவில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். மார்ச் வரைக்குமான கணக்கு ஆடிட்டரிடம் இருந்தது. அதற்குப் பிந்தைய நான்கு மாதத்தைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது. விற்பனை பில்லை ஜிஎஸ்டி தளத்தில் நாங்களே தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கிலிருந்தும், வாங்கியதை அதே தளத்தில் வரும் 2பி என்ற கொள்முதல் பட்டியலிலிருந்தும் எடுத்தோம். ஆனால் எந்தத் தறிக்காரரிடம் எவ்வளவு நூல் நிற்கிறது என்பது எந்த அரசுத் தளத்திலும் இருக்காதே! அதற்குக் கைகொடுத்தது கார்பன் வைத்து எழுதிய டிசி புத்தகம். எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்கா மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஏற்றினார்.

இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று வீட்டு பீரோவில் இருக்கும், சனிக்கிழமை மாற்றிக்கொள்வோம். கிளவுடிலும் ஒரு பிரதி போகிறது.

கோவை சரவணம்பட்டி, சாப்ட்வேர் கம்பெனி

நான் வேலையை எடுத்துச் செய்யும் பக்கம். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அண்ணன் எழுதியதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது, அந்தக் கம்பெனி செய்தது தப்பு. ஆனாலும் எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களோடு வேலை செய்யும்போது சர்வர், டொமைன், நாங்கள் எழுதும் புரோகிராமை வைக்கும் இடம் எல்லாம் அவர்கள் கணக்கில்தான் இருக்கும். எங்களுக்குத் தேவையான அளவு அனுமதி கொடுப்பார்கள், வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுவார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் வந்ததே இல்லை, அதுதான் முறை. இதையே உள்ளூர் மில் முதலாளியிடம், "உங்க பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுங்க" என்று கேட்டால், "அதெல்லாம் நீங்களே பாத்துக்குங்கம்மா, எங்களுக்கு எங்க நேரம்?" என்பார். நாங்கள் எங்கள் பெயரில் வாங்கிப் போடுவோம். கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமலேயே சாவி எங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

அப்புறம் பணம். வேலை முடிந்து நாலு மாதம், ஐந்து மாதம் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். "ஷிப்மென்ட் போகட்டும்மா" என்று ஒரே பதில். அதனால்தான் சிலர் டொமைனைப் பிடிமானமாக வைத்துக்கொள்கிறார்கள். அதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணம் அதுதான். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுக்காமல் வருட முடிவைத் தாண்டினால் அந்த வருடம் அதைச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். அது வந்த பிறகு மார்ச்சில் மட்டுமாவது எங்களுக்கு ஃபோன் வருகிறது.

ஈரோடு, மஞ்சள் மண்டி

ஏனுங்க தம்பி, டொமைன் சரி. நீங்க காசு கொடுத்து எழுதிய சாப்ட்வேர் என்ன ஆச்சு? அது யாருக்குச் சொந்தம்? எங்களுக்கும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

திருப்பூர், பனியன் ஏற்றுமதி

நல்ல கேள்விங்க அண்ணா. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டி வந்தது. காசு கொடுத்தது நாம், அதனால் நமக்குத்தான் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நம் சம்பளத்தில் இருப்பவர் எழுதினால் நமக்கு. வெளியே கொடுத்து எழுதினால் எழுதியவர்களுக்கே, அவர்கள் கையெழுத்துப் போட்டு எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை. அப்படி மாற்றும்போதும் எத்தனை காலத்துக்கு என்று போடாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாடுகளுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். கடைசித் தவணைக்கு முன்னால் இந்தத் தாளை எழுதி வாங்குங்கள், கூடவே சோர்ஸ் கோடு எனப்படும் மூல நிரலையும் வாங்குங்கள். எங்களிடம் இரண்டும் இல்லை. அந்த சாப்ட்வேரை விட்டுவிட்டு, முதலிலிருந்து வேறு எழுதினோம்.

சரவணம்பட்டி அம்மிணி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். "நீங்களே பாத்துக்குங்க" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது வேலையை வேறு கம்பெனியிடம் கொடுத்திருக்கிறோம், பணம் முப்பதாவது நாளில் போய்விடும். எல்லாக் கணக்கும் எங்கள் பெயரில் இருக்கிறது, அவர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு அனுமதியையும் தேதி போட்டு எங்கள் டிசி புத்தகத்திலேயே எழுதுகிறோம். என் மகள் பி.காம் முடித்துவிட்டு ஆபீஸுக்கு வருகிறாள், அந்தப் புத்தகம் அவள் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பாள். போன முறை திறந்தபோது எம்பிராய்டரி டிசைன் ஃபோல்டர் மட்டும் அதில் இல்லை. அன்றைக்கே ஃபோன் போட்டுச் சேர்க்கச் சொல்லிவிட்டாள்.