ஐபோனுக்கு மாறியாச்சு, வாட்ஸ்அப் பழைய செய்திகள் வரவில்லை. உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பல வருடம் ஆண்ட்ராய்டு வைத்திருந்துவிட்டு இந்த வாரம்தான் ஐபோன் 15 வாங்கினேன். பேக் பட்டன் இல்லாதது இன்னும் கைக்குப் பழகவில்லை. ஓரத்திலிருந்து தள்ள வேண்டுமாம், சரி. டைப்-சி என்பதால் பழைய சார்ஜரே போதும். ரொம்பப் பிடித்தது தமிழ்99 விசைப்பலகை போனிலேயே இருப்பது. 1999இல் நம்ம சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. தனியாக ஆப் எதுவும் போட வேண்டியதில்லை.

சிக்கல் வாட்ஸ்அப்தான். பழைய செய்திகளின் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கிறது, ஐபோனோ ஐகிளவுடில்தான் தேடுகிறது. அப்பாவின் குரல் பதிவுகள் அதில் இருப்பதால் விட மனசில்லை. 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாக மாற்றலாம் என்கிறார்கள். ஆனால் புதுப் போனில் ஏற்கெனவே வாட்ஸ்அப் போட்டு, வேலை சம்பந்தமான செய்திகளும் சேர்ந்துவிட்டன. போனை முழுசாக ரீசெட் செய்துதான் ஆக வேண்டுமா? அப்படிச் செய்தால் இந்த வாரச் செய்திகள் என்ன ஆகும்?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மாம்பலத்தில் இருக்கிறேன். போன் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்கலாம்தான், ஆனால் லாக் எடுத்த போனைக் கடையில் விட்டுவிட்டு வரப் பயமாக இருக்கிறது. கண்ணெதிரே உட்கார்ந்து செய்து தரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.